கடல் கடந்த மாங்காய்

சித்தூரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை புத்தலப்பட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை திருப்பதியை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று பீலேரை நோக்கிச் செல்கிறது. இவ்வட்டாரம் மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்றது. தை, மாசித் திங்கள்களில் மரங்கள் பூத்து நிற்கும். ஆனித் திங்களில் காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் மண்டிகளுக்கும் கூழ் ஆலைகளுக்கும் வரிசை வரிசையாகச் செல்லும்.

இப்பகுதியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஒரே பழத்துக்கு ஒரே நாளில் நான்கு பெயர்களைக் கேட்கிறது. வீட்டில் பாட்டி அதை ‘மாம்பழம்’ என்கிறார். கடைத்தெருவில் அது ‘மாமிடி பண்டு’ ஆகிறது. இந்தி வகுப்பில் ‘ஆம்’ என்றும், ஆங்கில வகுப்பில் ‘மேங்கோ’ என்றும் வழங்குகிறது. முதல் மூன்றும் இந்நாட்டுப் பெயர்கள், நான்காவது மட்டும் அயல்நாட்டார் கொண்டுவந்த பெயர் என்று அப்பிள்ளை எண்ணுவது இயல்பே.

அதனோடு மற்றோர் எண்ணமும் மெல்லச் சேர்ந்துகொள்கிறது. தெருவிலும் திடலிலும் கேட்காத, வீட்டுக்குள் மட்டும் பேசப்படும் மொழி சிறிய மொழி. உலகம் முழுவதும் கேட்கும் மொழி பெரிய மொழி என்பதே அவ்வெண்ணம். இவ்விரண்டு எண்ணங்களும் சரியானவையா? ‘மேங்கோ’ என்னும் சொல்லின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

ஒரு மரம், இரண்டு பெயர் மரபுகள்

மாமரம் இந்திய நிலப்பகுதியில் மிகப் பழங்காலம் தொட்டு வளர்ந்து வருவது. அதற்கு இந்நாட்டு மொழிகளில் இரண்டு பெயர் மரபுகள் உள்ளன.

முதலாவது, வடமொழியில் வழங்கும் ‘ஆம்ரம்’ என்னும் பெயர். பாலி மொழியின் ‘அம்ப’, மராத்தியின் ‘ஆம்பா’, இந்தியிலும் வங்காளத்திலும் வழங்கும் ‘ஆம்’ ஆகியவை அதன் வழிவந்தவை. காஞ்சிபுரத்துத் திருக்கோயிலில் தலமரம் மாமரமாகும். அங்குள்ள இறைவனுக்கு வழங்கும் ‘ஏகாம்பரநாதர்’ என்னும் பெயர், ஒற்றை மாமரத்தின் தலைவன் எனப் பொருள் கூறப்படுவது. அப்பெயருக்குள் இருப்பதும் இந்த ‘ஆம்ரம்’ என்னும் சொல்லே.

இரண்டாவது, தென்னக மொழிகளுக்குரிய ‘மா’ என்னும் பெயர். தமிழில் அது ‘மா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி. மலையாளத்திலும் கன்னடத்திலும் ‘மாவு’ என வழங்குகிறது. தெலுங்கில் ‘மாமிடி’ என்பது பேச்சு வழக்கு. செய்யுள் வழக்கில் ‘மாவி’ என்றும் வரும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே, பாட்டியின் ‘மாம்பழம்’, கடைக்காரரின் ‘மாமிடி பண்டு’ ஆகிய இரண்டும் ஒரு தாய் வீட்டுப் பெயர்களே. ‘காய்’ என்னும் சொல்லும் அத்தகையது. தெலுங்கில் அது ‘காய’ எனவும், கன்னடத்தில் ‘காயி’ எனவும், மலையாளத்தில் ‘காய’ எனவும் வழங்குகிறது.

தமிழில் ‘மா’ என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. விலங்கு, குதிரை, பெருமை, அரைத்த மாவு, ஒரு நில அளவு ஆகியவற்றையும் அச்சொல் குறிக்கும். எப்பொருளில் வந்துள்ளது என்பதை, அடுத்து வரும் சொல்லும் இடமும் காட்டிவிடும். பெரிய நகரம் ‘மாநகரம்’. மாமரத்தின் காயோ ‘மாங்காய்’.

இடையில் பிறந்த எழுத்து

‘மா’ என்னும் சொல்லில் ‘ங்’ இல்லை. ‘காய்’ என்னும் சொல்லிலும் ‘ங்’ இல்லை. இரண்டும் சேரும்போது ‘மாங்காய்’ என ஒரு ‘ங்’ எங்கிருந்து வந்தது?

தமிழில் மரப்பெயருக்குப் பின் வல்லெழுத்தில் தொடங்கும் சொல் வரும்போது, அவ்வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்து இடையில் தோன்றுவது உண்டு. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதனை விதியாகக் கூறுகிறது. க் என்பதற்கு ங், ச் என்பதற்கு ஞ், த் என்பதற்கு ந், ப் என்பதற்கு ம் இனவெழுத்துகள் ஆகும்.

மா + காய் = மாங்காய்
மா + சோலை = மாஞ்சோலை
மா + தளிர் = மாந்தளிர்
மா + பழம் = மாம்பழம்

வருமொழி உயிரெழுத்தில் தொடங்கினால் இம்மெல்லெழுத்து தோன்றுவதில்லை. மா + இலை = மாவிலை என வகர உடம்படுமெய் வரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இவ்வேறுபாட்டில் தவறுவதில்லை. ‘மாகாய்’ என்றோ ‘மாங்பழம்’ என்றோ எவரும் கூறுவதில்லை. நூல் விதியைப் படிக்காமலே பேசுவோர் நாவில் விதி நிற்கிறது. இலக்கண ஆசிரியர் அதைக் கண்டு எழுதிவைத்தார்.

இந்தச் சிறிய ‘ங்’ என்னும் எழுத்தை நினைவில் கொள்ளல் வேண்டும். ‘மேங்கோ’ என்னும் சொல்லின் பிறப்பிடத்தைக் காட்டும் அடையாளம் அதுவே.

கப்பலேறிய சொல்

1498-ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்த்துக்கீசிய மாலுமி வாஸ்கோ ட காமா கடல் வழியாகக் கோழிக்கோட்டை வந்தடைந்தார். மிளகு முதலிய நறுமணப் பொருள்களை வாங்குவதே அவர்தம் நோக்கம். மலையாளக் கரையில் இறங்கியவர்கள் தம் நாட்டில் இல்லாத கனிகளையும் கண்டனர். பெயர் இல்லாத பொருளுக்கு, அப்பொருளை விற்றவர் சொன்ன பெயரையே கேட்டுக்கொண்டனர். தமிழில் ‘மாங்காய்’ எனப்படுவது மலையாளத்தில் ‘மாங்ங’ என ஒலிக்கும். போர்த்துக்கீசியர் நாவில் அது ‘மாங்கா’ ஆயிற்று.

லுடோவிகோ டி வர்தெமா என்னும் இத்தாலியப் பயணியின் நூல் 1510-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. கோழிக்கோட்டில் கண்ட கனியைப் பற்றி எழுதுகையில் அவர், கனியின் பெயர் ‘அம்பா’ என்றும், அது காய்க்கும் மரத்தின் பெயர் ‘மாங்கா’ என்றும் குறித்தார். வடக்கிலிருந்து வந்த வணிகரின் பெயரும் அவ்வூராரின் பெயரும் அவர் செவியில் விழுந்தன போலும்! இரண்டு பெயர்களையும் கனிக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று எனப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். கார்சியா ட ஓர்ட்டா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவர் 1563-ஆம் ஆண்டில் கோவாவில் அச்சிட்ட மருந்துப் பொருள் நூலிலும் மாங்கனியைப் பற்றிய உரையாடல் இடம்பெற்றது.

ஆங்கிலேயர் இச்சொல்லைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றனர். 1580-களில் ஆங்கில நூல்களில் இது தோன்றுகிறது. தொடக்கத்தில் ‘மாங்கா’ என்றே எழுதினர். நாளடைவில் இறுதி எழுத்து ஓகாரமாகி ‘மேங்கோ’ என நிலைத்தது.

அறிஞர் சிலர் இதற்கு வேறொரு வழியையும் காட்டுவர். தமிழ் வணிகர் பழங்காலம் முதல் மலாய் நாட்டுக்குக் கடல் கடந்து சென்று வந்தவர்கள். மலாய் மொழியில் மாங்கனியின் பெயர் ‘மங்கா’. அது தமிழின் ‘மாங்காய்’ என்பதிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியர் 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றினர். அங்கே இச்சொல்லை அவர்கள் பெற்றிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. வழி எதுவாயினும், புறப்பட்ட இடம் ஒன்றே. இரண்டு வழிகளிலும் அந்த ‘ங்’ உடன் சென்றது.

பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இச்சொல் பரவியது. பிரெஞ்சு மொழியில் ‘மாங்க்’ எனவும், ஸ்பானியத்திலும் ஜெர்மனிலும் உருசியத்திலும் ‘மாங்கோ’ எனவும் வழங்குகிறது. சீனர் ‘மாங்குவோ’ என்பர். சப்பானியர் ‘மங்கோ’ என்பர். சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் மாமரத்துக்குத் தாவரவியல் பெயர் சூட்டியபோது ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’ என்றார். ‘மாங்காயைத் தாங்குவது, இந்தியாவுக்குரியது’ என்பது அதன் பொருள். முதற்பாதியில் தென்னகச் சொல்லும் இலத்தீனும் இணைந்து நிற்கின்றன.

வடக்கு மரபுப் பெயரும் வெளிநாடு சென்றது. ஈராக் நாட்டில் மாங்காயில் செய்யும் ஊறுகாய்க் குழம்பு இன்றும் ‘அம்பா’ என்றே வழங்குகிறது. ஆனால், ஐரோப்பியர் கப்பலில் ஏறிய பெயர் தென்னகத்தின் ‘மாங்காய்’.

பொருள் மாறிய கதை

தமிழில் ஒரு மாங்கனிக்குப் பருவந்தோறும் பெயர் உண்டு. மிக இளையது பிஞ்சு, ஊறுகாய்க்கு உரிய இளம்பிஞ்சு வடு, முற்றியது காய், சற்றே நிறம் மாறிப் பழுக்கத் தொடங்கியது செங்காய், பழுத்தது பழம் அல்லது கனி. ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ‘மேங்கோ’ ஒன்றே. அதனால், காயைக் குறிக்க விரும்புவோர் ‘ரா மேங்கோ’ என அடைமொழி சேர்க்கின்றனர். சொல்லின் பிறப்பை நோக்கினால் அது ‘பச்சை மாங்காய்’ எனக் கூறுவதற்கு ஒப்பாகும். பழத்தைக் குறிக்க ‘ரைப் மேங்கோ’ என்பர். அதுவோ ‘பழுத்த மாங்காய்’ ஆகிவிடுகிறது!

மற்றொரு மாற்றம் இதனினும் வியப்புக்குரியது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பாய்மரக் கப்பல் சென்று சேரப் பல மாதங்கள் ஆகும். பழுத்த கனி அத்துணை நாள் தாங்காது. உப்பில் ஊறிய காயோ தாங்கும். பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பயணி இபின் பதூதா, மாங்காயை உப்பிட்டு ஊறவைத்து உண்ணும் வழக்கத்தை முன்னரே எழுதிவைத்துள்ளார். அத்தகைய ஊறுகாயே இங்கிலாந்தைச் சென்றடைந்தது. அங்கிருந்த பலர் மரத்தையும் கண்டதில்லை, கனியையும் சுவைத்ததில்லை. அவர்கள் கண்டது சாடியில் இருந்த ஊறுகாயை மட்டுமே.

ஆகவே, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ என்பதற்கு ‘ஊறுகாய்’ என்னும் பொருளும் உண்டாயிற்று. ஜான் ஈவ்லின் என்னும் ஆங்கிலேயர் பச்சைக் காய்கறி உணவைப் பற்றி 1699-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ‘வெள்ளரிக்காய் மேங்கோ’ செய்யும் முறையைக் கூறினார். அதில் மாங்காய் இல்லை. வெள்ளரிக்காயை மாங்காய் ஊறுகாய் போல ஆக்குவதே அம்முறை. இப்பொருள் அட்லாண்டிக் கடலையும் கடந்தது. அமெரிக்காவில் குடைமிளகாயின் உள்ளே காய்கறித் துண்டுகளை அடைத்து ஊறவைப்பது வழக்கம். அந்த ஊறுகாயை ‘மேங்கோ’ என்றனர். பிறகு ஊறவைக்காத பச்சைக் குடைமிளகாயையே ‘மேங்கோ’ என அழைக்கலாயினர். ஓகியோ, இந்தியானா முதலிய மாநிலங்களின் சில பகுதிகளில் முதியோரிடம் இவ்வழக்கு அண்மைக் காலம் வரை இருந்தது.

சொல் பயணம் செய்யும்போது அது குறிக்கும் பொருள் எப்போதும் உடன் செல்வதில்லை. பொருள் வழியில் தங்கிவிட்டால், சொல் வேறொரு பொருளைப் பற்றிக்கொள்கிறது.

வந்த பொருளுக்கு இட்ட பெயர்

புத்தலப்பட்டில் கோடைக்காலத்தில் வீடுதோறும் ஆவக்காய் ஊறுகாய் போடுவர். தெலுங்கில் ‘ஆவாலு’ என்றால் கடுகு. கடுகுப்பொடி சேர்த்த காய் ஆதலின் அது ‘ஆவக்காய்’ எனப் பெயர் பெற்றது. அச்சாடிக்குள் மாங்காய்த் துண்டும் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கலந்திருக்கும்.

இவற்றுள் மிளகாய் இந்நாட்டுக்கு உரியதன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. மாங்காய் என்னும் சொல்லைக் கொண்டுசென்ற போர்த்துக்கீசியரின் கப்பல்களே மிளகாயை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் இங்கே உணவுக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காயும் மிளகைப் போலக் காரமாக இருந்தது. எனவே, தமிழர் அதற்கு அயற்பெயரைத் தேடவில்லை. மிளகு + காய் = மிளகாய் எனத் தம் சொற்களாலேயே பெயரிட்டனர்.

சில பொருள்களுக்கு அவ்வாறு செய்யவில்லை. அப்பொருளோடு வந்த பெயரையே ஏற்றுக்கொண்டனர். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, ஏலம் ஆகியவை போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். மண்டியில் மாங்காயை ஏலம் விடும்போது, கடல் கடந்து சென்ற சொல்லும் கடல் கடந்து வந்த சொல்லும் அருகருகே ஒலிக்கின்றன. பேசுவோருக்கு அவ்வேறுபாடு தோன்றுவதில்லை. இரண்டும் அவர்தம் சொற்களே.

ஆகவே, சொற்களை வாங்குவதாலோ கொடுப்பதாலோ ஒரு மொழி சிறியதாவதும் பெரியதாவதும் இல்லை. பிறரோடு பழகிய மொழி கொடுத்தும் வாங்கியும் வாழ்கிறது.

பெயரை இழந்த கன்று

பெயர் என்பது எளிதில் தொலையக்கூடியது என்பதற்கும் மாமரமே சான்று. 1782-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் மொரீசியசிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு மாங்கன்றுகளை ஏற்றிச் சென்றது. ரோட்னி என்னும் கடற்படைத் தலைவரின் கீழிருந்த ஆங்கிலேயக் கப்பல் அதைக் கடலில் கைப்பற்றியது. கன்றுகள் ஜமைக்காத் தீவில் நடப்பட்டன. அவற்றின் மீது எண்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய பெயர் எது என்பது நட்டவர்களுக்குத் தெரியவில்லை. அவற்றுள் ஒரு வகை நன்கு பரவியது. ஜமைக்காவில் இன்றும் அதன் பெயர் ‘எண் பதினொன்று’.

அவ்வகைக்கு அதன் முதல் ஊரில் ஓர் அழகிய பெயர் வழங்கியிருக்கக்கூடும். அதைச் சொல்வதற்கு உடன் எவரும் செல்லவில்லை. மரம் வேரூன்றியது, காய்த்தது, பெயர் மட்டும் திரும்பவில்லை.

சித்தூர் மண்டியில் பெயர்கள்

சித்தூர் மாவட்டத்தில் மிகுதியாக விளையும் வகை, முனை வளைந்து கிளியின் அலகு போலத் தோன்றும். தமிழில் அது ‘கிளிமூக்கு மாங்காய்’. இந்தியில் கிளிக்குத் ‘தோத்தா’ என்று பெயர். ஆதலின் வணிக வழக்கில் அது ‘தோத்தாபுரி’. ‘பெங்களூரா’ என்றும் ‘கலெக்டர்’ என்றும் அதனை அழைப்பர். பாகாலா வட்டாரத்துத் தாமலச்செருவு மண்டியில் இப்பெயர்கள் யாவும் ஒரே நாளில் ஒலிக்கக் கேட்கலாம். ஆந்திரத்தின் பங்கனப்பள்ளி ஊரின் பெயரைத் தாங்கிய ‘பங்கனப்பள்ளி’ வகை, 2017-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயர் பழத்தின் பெயராகி, அப்பெயருக்குச் சட்டக் காப்பும் கிடைத்தது.

கிளிமூக்கு மாங்கனியின் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கே கனிகளைக் கழுவித் தோலையும் கொட்டையையும் நீக்குவர். கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, இரும்புப் பீப்பாய்களுக்குள் வைப்பர். அப்பீப்பாய்கள் சென்னைத் துறைமுகம் போன்ற துறைமுகங்களின் வழியாக வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கின்றன. பீப்பாயின் மீது எழுதப்படும் பெயர் ‘மேங்கோ’. 500 ஆண்டுகளுக்கு முன் சொல் சென்ற கடல்வழியில் இன்று கனியும் செல்கிறது.

இவ்வணிகத்தில் உழவரின் வாழ்வு அடங்கியுள்ளது. 2025-ஆம் ஆண்டில் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தபோது, ஆந்திர அரசு தோத்தாபுரிக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. மாங்காய் என்னும் சொல் உலகெங்கும் வாழ்கிறது. அதை விளைவிப்போரும் நன்கு வாழ்ந்தால்தான் மரம் வாழும்.

எல்லையும் சொல்லும்

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அதற்கு முன் சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதன் பகுதி ஆயிற்று. 1960-ஆம் ஆண்டில் திருத்தணி முதலிய ஊர்கள் தமிழகத்தோடு இணைக்கப்பட்டன. புத்தலப்பட்டு என்னும் பெயரின் இறுதியில் உள்ள ‘பட்டு’, செங்கல்பட்டு, சேத்துப்பட்டு ஆகிய தமிழக ஊர்ப்பெயர்களிலும் உண்டு. கோடுகள் மாறின, மக்கள் இருபுறமும் வாழ்ந்தனர், சொற்கள் இருபுறமும் புழங்கின.

வீட்டில் மட்டுமே தமிழ் பேசும் பிள்ளைக்கு இவ்வரலாறு ஒன்றைக் கூறுகிறது. பாட்டி சமையலறையில் ‘மாங்காய்’ எனச் சொல்லும்போது, லண்டனிலும் மாஸ்கோவிலும் டோக்கியோவிலும் அறிந்த ஒரு சொல்லின் முதல் வடிவத்தையே சொல்கிறார். உலகம் அச்சொல்லின் ஒரு பகுதியைத்தான் எடுத்துச் சென்றது. பிஞ்சு, வடு, செங்காய், மாந்தளிர், மாஞ்சோலை ஆகியவை கப்பலேறவில்லை. அவை வீட்டிலேயே உள்ளன. அவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளும் பிள்ளை இருக்கும் வரை, அவை எண்ணாகிப் போவதில்லை.

சொற்பொருள்

திடல் – விளையாடும் வெளி
தலமரம் – கோயிலுக்கு உரிய மரம்
இனவெழுத்து – ஒலிப்பு முறையால் ஒத்த எழுத்து
வருமொழி – புணர்ச்சியில் இரண்டாவதாக வந்து சேரும் சொல்
உடம்படுமெய் – இரண்டு உயிரெழுத்துகளை இணைக்க இடையில் தோன்றும் மெய்
மண்டி – மொத்த விற்பனை நடைபெறும் இடம்
கூழ் – பிசைந்த அல்லது அரைத்த குழம்பு நிலை உணவு
பீப்பாய் – உருளை வடிவக் கலம்

பயிற்சி

அ. சேர்த்து எழுதுக.
1. மா + கொட்டை
2. மா + தோப்பு
3. மா + பிஞ்சு
4. மா + இலை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘மாங்காய்’ என்னும் சொல்லில் ‘ங்’ தோன்றியதற்குக் காரணம் யாது?
2. இங்கிலாந்தில் ‘மேங்கோ’ என்பது ஊறுகாயைக் குறித்தது ஏன்?
3. ‘மிளகாய்’ என்னும் பெயர் எவ்வாறு உண்டாயிற்று?
4. ஜமைக்காவில் ஒரு மாங்கனி வகைக்கு ‘எண் பதினொன்று’ எனப் பெயர் வந்தது எவ்வாறு?

இ. ‘ஊறுகாய்’ என்னும் சொல் வினைத்தொகை. இதனை மூன்று காலங்களுக்கும் பொருந்த விரித்து எழுதுக.

ஈ. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், வெற்றிலை, தேக்கு, கயிறு ஆகிய சொற்கள் தமிழ், மலையாள வழக்குகளிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றுள்ளன. ஆங்கிலத்தில் அவை எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை ஆசிரியரின் துணையோடு அறிந்து, தமிழ் எழுத்தில் எழுதுக.

உ. மாங்காயின் பருவங்களுக்கும் வகைகளுக்கும் வீட்டிலுள்ள பெரியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க. அவற்றுக்கு நிகரான தெலுங்குப் பெயர்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு எதிரே எழுதுக. இரு மொழிக்கும் பொதுவான சொற்களை அடிக்கோடிடுக.